மூன்றாம் எண் தலை

சுடுகிறவனையே கொன்றுவிடாமல் இருக்குமா என்று ஒவ்வொரு துப்பாக்கியாகப் பார்த்துச் சொல்லும் வேலை எங்கள் பள்ளத்தாக்கில் பதினாறு வருடம் என்னிடம் இருந்தது. நான் கேட்டு வாங்கிய வேலை இல்லை. போர்க்காலத்தில், டொரான்டோவுக்கு மேற்கே ஒரு தொழிற்சாலையில், ராணுவத்துக்குப் போகும் துப்பாக்கிகளில் தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டுகளைச் சோதிக்கும் மேசையில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளைக்கு இருநூறு போல்ட். போர் முடிந்ததும் ஹால்வரைக் கட்டிக்கொண்டு, ரயிலிலும் கப்பலிலுமாக மேற்குக் கடற்கரையில் நார்வேக்காரர்கள் குடியேறிய அவன் ஊருக்கு வந்தேன். நானும் நார்வேக்காரிதான். ஆனால் சஸ்காட்சவன் சமவெளியில் பிறந்தவள். இங்கே அது வேறு ஜாதி.

நான் வந்த இரண்டாம் வருடம் அந்தத் துப்பாக்கிகளும் என் பின்னாலேயே வந்து சேர்ந்தன. ராணுவம் கழித்துவிட்டதைக் கூட்டுறவுக் கடை பெட்டி பெட்டியாக இறக்கியது. வீட்டுக்கு ஒன்றாவது வாங்கினார்கள். மூஸ் மானுக்கும் சரி, சால்மன் மீன் ஏறும் மாதங்களில் ஆற்றோரம் முழுக்க நிற்கும் கிரிஸ்லி கரடிக்கும் சரி, அதைவிட மலிவாக ஒன்றும் கிடைக்காது. பிறகு சுடும்போது உறை கிழிந்து ஒருவனுக்குக் கண் போனது. அமெரிக்காக்காரர்களைக் கரடி வேட்டைக்கு அழைத்துப்போகும் ப்ரெக்கே அன்றைக்கே சொல்லிவிட்டார்: சோதித்துச் சீட்டுக் கட்டாத துப்பாக்கியோடு எவனும் என்னோடு மலையேற வேண்டாம். மற்ற வழிகாட்டிகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சோதிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சோதனை என்பது பெரிய வித்தை இல்லை. அந்தத் தோட்டாவின் பின்பக்கம் ஒரு விளிம்பு உண்டு. போல்ட்டை மூடினால் அதன் தலைக்கும் குழலின் பின்வாய்க்கும் நடுவில் அந்த விளிம்பு உட்காரும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு முடியின் கனம் கூடினால் பரவாயில்லை. இரண்டு முடி கூடினால், சுடும்போது பித்தளை உறை பின்பக்கமாக இழுபட்டு நடுவில் கிழியும். அதை அளக்க மூன்று எஃகு கேஜ்கள் இருந்தன, விரல் நுனியளவு. நாங்கள் அவற்றை ‘போ’, ‘போகாதே’, ‘போச்சு’ என்று சொல்வோம். முதல் கேஜை வைத்தால் போல்ட் மூட வேண்டும். இரண்டாவதை வைத்தால் மூடக்கூடாது. மூன்றாவதை வைத்தும் மூடினால் அந்தத் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட வேண்டியதுதான். எல்லாவற்றையும் இரண்டு விரலால் செய்ய வேண்டும். பலத்தைக் காட்டினால் பொய்யான பதில் வரும்.

இடைவெளி கூடிப்போன துப்பாக்கிக்கு ஒரே ஒரு வைத்தியம் உண்டு. போல்ட்டின் தலை தனியாகத் திருகிக் கழற்றக்கூடியது. பூஜ்யத்திலிருந்து மூன்று வரை நான்கு அளவில் செய்தார்கள். எண் அதன் மேலேயே பொறித்திருக்கும். எண் ஏற ஏறத் தலை நீளம், இடைவெளி குறையும். மூன்று கிடைப்பது அபூர்வம். எங்கள் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு மூன்றுதான் இருந்தது. எமிலின் துப்பாக்கியில். 1957 வசந்தத்தில் நான்தான் எழுதிப்போட்டு வரவழைத்து மாட்டிக் கொடுத்தேன்.

எமில் ஹால்வரின் சிநேகிதன். ஒரே பெஞ்சில் படித்தவர்கள், ஒரே கப்பலில் போருக்குப் போனவர்கள். ஹால்வர் சிரித்தால் எமில் சிரிப்பான், அவன் அப்படிப்பட்டவன்.

ஹால்வர் வருடத்தில் பத்து மாதம் மரம் அறுக்கும் ஆலையில் பலகை தூக்குகிறவன். இலையுதிர் காலத்து இரண்டு மாதம் மட்டும் அவன் ப்ரெக்கேயின் பின்துப்பாக்கி. வெளியூர்க்காரன் சுட்டுக் காயப்படுத்தி விட்டுவிடும் கரடியைப் புதருக்குள் போய் முடித்துவிட்டு வருகிறவன். அந்த இரண்டு மாதத்துக்காகத்தான் அவன் மற்ற பத்து மாதமும் உயிரோடிருந்தான் என்று சொன்னால் மிகையில்லை. கூட்டத்தில் எல்லோரும் அவன் பேச்சைக் கேட்க வருவார்கள். வீட்டில் பேச மாட்டான். பேசினால் குத்துவான்.

1957 செப்டம்பரில், வியாழக்கிழமை சாயங்காலம், ஆலையிலிருந்து வந்ததும் துப்பாக்கியைச் சமையலறை மேசையில் கொண்டுவந்து வைத்தான். எனக்கு உருளைக்கிழங்கு உரிக்கிற வேலை இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போல்ட்டைக் கழற்றினேன். தலையில் எண் ஒன்று. முதல் கேஜ், இரண்டாவது கேஜ், மூன்றாவது கேஜ். மூன்றாவதில் நான் விரலை வைக்கவே வேண்டியிருக்கவில்லை. போல்ட்டின் கைப்பிடி தன் கனத்திலேயே கீழே விழுந்தது.

“என்ன சொல்லுதுங்க உன் பொம்மைங்க?”

“போச்சு.”

“விளையாடாத டீ.”

“நீயே பாரு. தொடக்கூட இல்ல.”

அவன் பார்த்தான். கைப்பிடியைத் தூக்கி விட்டான். மறுபடி விழுந்தது.

“போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு?”

“போன வருஷமே ஓரத்துல நின்னுச்சு. அப்பவே சொன்னேன். நீயும் எமிலும் சுட்ட உறையையே மறுபடி மறுபடி நிரப்பி, அளவுக்கு மேல மருந்த அடைச்சு, வீரம் காட்டினீங்க.”

“சரி, தலைய மாத்து.”

“மூணு வேணும். வான்கூவர்லேர்ந்து கப்பல்ல வரணும். பதினஞ்சு நாள் ஆகும்.”

“திங்கக்கிழமை ப்ரெக்கே கிளம்புறாரு.”

“அடுத்த ஆளுங்க வரும்போது போ.”

“அடுத்ததா? இந்தத் தடவ என் எடத்துல டோர்கெல் போவான். ஒரு தடவ போனா அப்புறம் அந்த எடம் அவனுக்குத்தான். நான் சாகிற வரைக்கும் பலகை தூக்கிட்டே கெடப்பேன். அதானே வேணும் உனக்கு?”

வேறு துப்பாக்கியை இரவல் வாங்கிக்கொண்டு போகவும் முடியாது. பழகாத துப்பாக்கியோடு வருகிறவன் தன் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டாம் என்பதும் ப்ரெக்கேயின் சட்டம்.

“ஒரு சீட்டக் கட்டிவிடு, தோரா. உன் புருஷன்தானே.”

“புருஷங்கறதாலதான் கட்டல.”

அவன் எழுந்து போய்விட்டான். உருளைக்கிழங்கும் உப்பு மீனும் ஆறிப்போயின. வெள்ளிக்கிழமை முழுக்க அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சனிக்கிழமை காலை கூட்டுறவுக் கடையின் பின்கூடத்தில் சோதனை. வழக்கம்போல எட்டு மணிக்கே ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். நான் நீளமான மேசையில் எண்ணெய்த் துணியை விரித்து கேஜ்களை வைத்தேன். எமில் முதலில் நின்றான்.

“டேய் எமிலு, வீட்ல பொண்டாட்டி எழுப்பி விரட்டிட்டாளா?” என்றான் டோர்கெல்.

“உன் பொண்டாட்டிதான்டா எழுப்பினா,” என்றான் எமில். எல்லோரும் சிரித்தார்கள்.

எமிலின் போல்ட்டைக் கழற்றி, தலையைத் திருகி எடுத்து, உறையை இழுக்கும் சின்னக் கொக்கியை நீக்கினேன். அதைக் கழற்றாமல் கேஜ் சரியாக உட்காராது; அதனால் ஒவ்வொரு துப்பாக்கியின் தலையும் என் கைக்கு வந்தே தீரும். தலையில் எண் மூன்று. கேஜ்கள் சொல்லவேண்டியதைச் சொல்லின. சிவப்புத் தகரச் சீட்டைக் கம்பியால் விசைக்கூட்டில் கட்டிக் கொடுத்தேன்.

டோர்கெலுடையது இரண்டாவது கேஜில் சரியாக நின்றது. அவன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். “தேவாலயத்துல இதப் பண்ணு,” என்று யாரோ கத்தினார்கள். “லூத்தரன் பய கத்தோலிக்கனா மாறிட்டான்டோய்.”

பத்து மணிக்கு மேல் ஹால்வர் வந்தான். கூடவே எமில், கையில் துப்பாக்கி இல்லாமல். ஹால்வர் வரிசையில் நிற்கவில்லை. நேராக வந்து மேசையில் வைத்தான்.

“மகாராணி, உங்க தீர்ப்பு?”

போல்ட்டை உருவினேன். தலையைத் திருகி எடுத்தேன். கொக்கியை நீக்கினேன். கட்டைவிரலைத் தலையின் மேல் ஓட்டினேன்.

மூன்று.

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் நான் தடவிய எண்ணெய் இன்னும் அதில் இருந்தது.

நான் நிமிர்ந்தேன். ஹால்வர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்த்துவிட்டேன் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறந்தால் முப்பது பேர் முன்னால் அவன் ஏமாற்றுக்காரன். ப்ரெக்கே இனி எந்த வருடமும் அவனைக் கூப்பிட மாட்டார். நான் வாயைத் திறக்கத்தான் இருந்தேன். ‘இது எமிலோடது, எடுத்துட்டுப் போ’ என்று சொல்ல நாக்கு எழுந்துவிட்டது.

அவன் முந்திக்கொண்டான். கூட்டத்தின் பக்கம் திரும்பி, கதை சொல்லும் அந்தக் குரலில் பேசினான்.

“இவ எல்லார் துப்பாக்கியையும் அளப்பா. இவள யாரு அளக்கிறது? மூணு தடவ தோட்டா போட்டேன்டா. நல்ல தோட்டா. மூணும் வெடிக்காம வெளிய வந்துடுச்சு. கோளாறு தோட்டாலயா, அறைலயா? நீங்களே சொல்லுங்க.”

நான் மூன்று தடவை கருக்கலைந்தவள். கடைசி தடவை ஆறாம் மாதம். ஆண் குழந்தை. அதைப் புதைத்தது எமிலும் ஹால்வரும்தான்.

ஒரு நொடி யாரும் சிரிக்கவில்லை. பிறகு டோர்கெல் சிரித்தான். அவனை வைத்து மற்றவர்கள். அது பெரிய சிரிப்பாகி, மரச்சுவர்களில் மோதி, கூடம் முழுக்க நிறைந்தது. நான் எமிலைத் தேடினேன். அவன் கீழே பார்த்துக்கொண்டு சிரித்தான். தோள் குலுங்கியது.

தலையை மறுபடி திருகி மாட்டினேன். ‘போ’வை வைத்தேன், மூடியது. ‘போகாதே’யை வைத்தேன், இரண்டு விரலுக்கு நின்றது. அந்தத் தலையோடு அந்தத் துப்பாக்கியில் எந்தக் குறையும் இல்லை.

“சரியா இருக்கு,” என்றேன்.

சீட்டை எடுத்துக் கம்பியை இறுக்கி முறுக்கினேன்.

மறுநாள் ஞாயிறு. தேவாலயத்திலிருந்து வந்ததும் நான் லெஃப்சே ரொட்டி தேய்த்துச் சுட்டேன். ஹால்வர் காப்பியை ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்தான். எமில் தன் போல்ட் தலையைச் சனிக்கிழமை சாயங்காலமே திருப்பி வாங்கிக்கொண்டு போயிருந்தான். ஆப்பிள் தோட்டத்துக்குக் கரடி வரும் மாதத்தில் அவனும் துப்பாக்கியில்லாமல் இருக்க முடியாது. ஹால்வரின் போல்ட்டில் மறுபடி பழைய ஒன்றாம் எண் தலை ஏறியிருந்தது. அதை அவன் என்னிடமிருந்து மறைக்கவில்லை.

“தோரா.”

“ம்.”

“நேத்து நான் சொன்னது தப்பு. வாய்க்கு வந்துடுச்சு.”

நான் மாவைத் தேய்த்தேன்.

“நீ நம்பரப் பாத்துட்ட. எனக்குத் தெரியும். பாத்தும் கட்டின. அந்தப் பேச்சுக்கு அப்புறமும் கட்டின.” அவன் துணியை மடித்தான். “என் மேல உனக்கு இவ்வளவு இருக்கும்னு நான் நெனைக்கல டீ.”

பதினோரு வருடத்தில் அவன் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் முகம் இளகியிருந்தது. எழுந்து வந்து, மாவு ஒட்டிய என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போது சொல்லியிருக்கலாம். எமில் வீடு அரை மைல்தான். கோட்டை மாட்டிக்கொண்டு போய்ப் படியில் நின்று கேட்டிருந்தால் எமில் அந்தத் தலையைத் தந்திருப்பான், பதினைந்து நாளைக்கு. அவன் ஆப்பிளைக் கரடி தின்றிருக்கும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் மறுநிரப்பு உறைகளை வீட்டில் வைத்துவிட்டுப் புதுத் தோட்டாவாக எடுத்துக்கொண்டு போ என்றாவது சொல்லியிருக்கலாம். புது உறை ஒரு தடவையாவது தாங்கும். அவன் துடைத்து வரிசையாக நிறுத்தியிருந்த உறைகளின் அடியில் மங்கலான ஒரு பளபளப்பு வளையம் ஓடியது. இழுபட்ட பித்தளை அப்படித்தான் காட்டும். தொழிற்சாலையில் எங்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தரும் பாடம் அது. ஐந்து உறைகளில் நான் அதைப் பார்த்தேன்.

அவன் கேட்ட மன்னிப்பு எனக்குப் போதவில்லை. சமையலறையில் யாருமில்லாதபோது கேட்டது. முப்பது பேர் முன்னால் சொன்னதை முப்பது பேர் முன்னால் திரும்ப எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அவன் ஒரு தடவை பயப்பட வேண்டும் என்றும் நினைத்தேன். உறை கிழிந்து முகத்தில் புகையடித்து, ‘தோரா சொன்னாளே’ என்று மலையில் நின்று ஒரு தடவை நடுங்க வேண்டும். அதற்கு மேல் நினைத்தேனா என்று கேட்டால், இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னால் உறுதியாக இல்லை என்று சொல்ல முடியவில்லை.

“காப்பி ஆறிடும்,” என்றேன்.

திங்கட்கிழமை விடியற்காலை போனான். வாசலில் திரும்பிப் பார்த்துக் கையசைத்தான். அப்படிச் செய்கிறவன் அல்ல.

பதினோராம் நாள் மத்தியானம் ப்ரெக்கே வந்தார். கதவைத் தட்டிவிட்டுத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“உக்காருங்க,” என்றேன்.

“வேணாம். நின்னுட்டே சொல்லிடறேன்.” அவர் சுற்றி வளைக்கத் தெரியாதவர். “ஓரிகான்லேர்ந்து வந்த அமெரிக்காக்காரன் கரடிய வயித்துல சுட்டுட்டான். அது ஆல்டர் புதருக்குள்ள போயிடுச்சு. நானும் ஹால்வரும் ரெண்டு பக்கமா உள்ள போனோம். அது அவன் பக்கம் வந்துச்சு. பத்தடி. அவன் சுட்டான், பட்டுச்சு. ஆனா உற கிழிஞ்சிடுச்சு. அடிப்பாகம் மட்டும் வெளிய வந்துச்சு, மிச்சம் உள்ளயே மாட்டிக்கிச்சு. ரெண்டாவது தோட்டா பாதிதான் போச்சு. போல்ட்ட உள்ளங்கையால அடிச்சான். எனக்குச் சத்தம் கேட்டுச்சு. ஒண்ணு, ரெண்டு. மூணாவது அடி கேக்கல.”

“நீங்க?”

“நான் புதர விலக்கிட்டு வந்து சுட்டப்போ அது அவன் மேல இருந்துச்சு.” தொப்பியைத் திருப்பினார். “ஒடனே போகல அவன். முக்கால் மணி நேரம் ஆச்சு. பேச்சு இல்ல. தாடை இல்ல, அதனால. நீ முகத்தப் பாக்க வேணாம் தோரா.”

நான் பார்த்தேன். படகிலிருந்து இறக்கியதும் போர்வையை விலக்கிப் பார்த்தேன். வலது உள்ளங்கையில் போல்ட்டின் கைப்பிடி உருண்டை பதிந்த நீலத் தடம் இரண்டு இருந்தது.

விசாரணை அடுத்த வாரம், அதே பின்கூடத்தில். கரையோரக் கப்பலில் விசாரணை அதிகாரியும் ஒரு போலீஸ்காரரும் வந்தார்கள். பள்ளத்தாக்கே வந்து நின்றது. ப்ரெக்கே ஹால்வரின் துப்பாக்கியைக் கொண்டுவந்து நான் சோதனை செய்யும் மேசையில் வைத்தார். சிவப்புச் சீட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

“இதைக் கட்டினது நீங்கதானேம்மா?” என்று கேட்டார் அதிகாரி.

“நான்தான்.”

“சோதிச்சுட்டுத்தான் கட்டினீங்களா?”

“ஆமா.”

பின்னால் ஒரு முணுமுணுப்பு. ஒரு பெண்குரல் மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கும்படி, “புருஷன்னு கண்ண மூடிட்டுக் கட்டிட்டா,” என்றது.

“எல்லார் முன்னாடியும் இன்னொரு தடவை சோதிச்சுக் காட்ட முடியுமா?”

கிழிந்த உறையை ப்ரெக்கே முன்பே எடுத்துவிட்டிருந்தார். நான் போல்ட்டை உருவி, தலையைத் திருகி எடுத்து, கொக்கியை நீக்கி, மறுபடி மாட்டினேன். ‘போச்சு’வை வைத்தேன். கையை எடுத்துவிட்டேன். கைப்பிடி தானாக விழுந்து மூடிய சத்தம் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

“அப்படின்னா நீங்க அன்னிக்குத் தப்பா சோதிச்சிருக்கீங்க,” என்றார் அதிகாரி. குரலில் கோபமில்லை. இரக்கம்தான் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

“இல்ல,” என்றேன். “இந்தத் தலையோட இந்தத் துப்பாக்கி எந்தக் காலத்துலயும் தேறாது. அன்னிக்குத் தேறிச்சு. இங்க நின்ன முப்பது பேரும் பாத்தாங்க. அப்படின்னா அன்னிக்கு இதுல இருந்தது வேற தலை. இதைவிட நீளமானது.”

போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்தினார். “அப்படி நீளமான தலை யார்கிட்ட இருக்கு?”

எமிலைப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். அவன் மூன்றாவது வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தலையாகத் திரும்பி அவனைப் பார்க்க ஆரம்பித்தது.

அவன் எழுந்தான். வாய் கோணியது.

“ஒரு மணி நேரத்துக்குன்னு கேட்டான்,” என்றான். “சீட்டு வாங்கறதுக்கு மட்டும்னு கேட்டான். நான் வேணாம்னு சொன்னேன். கேக்கல. அவன் கேட்டா நான் எப்படி…” அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அவன் மனைவி அவன் பக்கத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அதிகாரி என்னிடம் திரும்பினார். “ஒரே ஒரு கேள்விம்மா. அன்னிக்குத் தலையைக் கழற்றினப்போ அதுல என்ன நம்பர் இருந்ததுன்னு பாக்கலையா?”

நான் மூன்றாவது கேஜை எடுத்து மேசையில் வைத்தேன்.

“நம்பர் பாக்கறது என் வேலை இல்லைங்க,” என்றேன். “இடைவெளி பாக்கறதுதான் என் வேலை.”

அவர் தலையாட்டினார். எழுதிக்கொண்டார். சோதனை செய்தவர் மீது குற்றமில்லை. இறந்தவரும் அவர் நண்பரும் சேர்ந்து செய்த ஏமாற்று. அப்படித்தான் தீர்ப்பு வந்தது. வெளியே வரும்போது ‘கண்ண மூடிட்டு’ என்று சொன்னவள் என் கையைப் பிடித்து அழுதாள்.

எமிலை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆலையில் அவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள், அவ்வளவுதான். டோர்கெல் அவன் வீட்டுக் கதவில் கரித்துண்டால் பெரிதாக ஒரு மூன்று எழுதிவிட்டுப் போனான். எமில் அதைக் கழுவினான். மறுநாள் வேறு யாரோ எழுதினார்கள். அவன் மனைவி அடுத்த வசந்தத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தன் அக்காவிடம் போனவள் திரும்பவில்லை. டோர்கெல் ப்ரெக்கேயின் பின்துப்பாக்கி ஆனான். நான் தொடர்ந்து சோதித்தேன். முன்பைவிட அதிகமாக என்னை நம்பினார்கள்.

முதல் பனி விழுந்த வாரம் எமில் கோடரியோடு என் வாசலில் வந்து நின்றான்.

“குளிர்காலத்துக்குக் கட்டை பிளக்கணும்ல,” என்றான். “நான் பிளந்து தர்றேங்க.”

‘ங்க’ என்றான். பதினோரு வருடமாக என்னை ‘நீ’ என்று சொன்னவன், விசாரணைக்குப் பிறகு ஒரு தடவைகூட அப்படிச் சொல்லவில்லை.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொட்டகையைக் காட்டினேன்.

அடுத்த வருடமும் வந்தான். அதற்கடுத்த வருடமும். பதினெட்டு இலையுதிர் காலம். ஃபிர் மரத்தை வண்டியில் ஏற்றி வந்து, அறுத்து, பிளந்து, கூரைக்கு முட்டும்வரை அடுக்கிவிட்டுப் போவான். நான் காப்பி கொடுத்தால் வாசலில் நின்று குடிப்பான். உள்ளே வரமாட்டான். ஒரு தடவை அவன் இடது கையில் இரண்டு விரல் நசுங்கிக் கட்டுப்போட்டிருந்தது. அந்த வருடமும் வந்து ஒரு கையால் பிளந்தான். ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு கட்டைக்கும் நான்கைந்து தடவை ஓங்க வேண்டியிருந்தது. சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். போய்விடு என்று நான் சொல்லவில்லை. கூடத்தில் குலுங்கிய அவன் தோள்தான் எனக்குத் தெரிந்தது.

பதினெட்டாவது வருடம் அவனுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சில் என்னவோ என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாதிக் கட்டைதான் பிளந்திருந்தான். அடிமரத்தில் உட்கார்ந்துவிட்டான். நான் காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“ஒண்ணு கேக்கலாமாங்க?”

“கேளு.”

“அன்னிக்குக் கூடத்துல, நீங்க அந்தத் தலையத் திருகி எடுத்தப்போ, நான் மனசுக்குள்ள வேண்டிக்கிட்டே நின்னேன்.” கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். “கடவுளே, இவ அந்த நம்பரப் பாத்துடணும். பாத்துட்டு, எங்க ரெண்டு பேரையும் எல்லார் முன்னாடியும் கிழிச்சுத் தொங்க விடணும்னு. நான் சொல்றதுக்குத் தைரியம் இல்ல. நீங்க பாத்துட்டா முடிஞ்சிடும். அவன் வேற அப்போ அந்தப் பேச்சப் பேசினான். நான் சிரிச்சேன். சிரிக்கல, அழுகைய அடக்கினேன், சிரிப்பு மாதிரி வந்துச்சு. நீங்க நம்ப வேணாம்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். “ஒரு நொடி கட்டவெரல அது மேல வெச்சீங்க. சரி, பாத்துட்டாங்கன்னு நெனச்சேன்.”

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அறுபதுகூட ஆகாதவன், எண்பது வயதுக்காரன் மாதிரி இருந்தான். பதில் வேண்டிக் கேட்கிறவனாகத் தெரியவில்லை. வெறுமனே சொல்லிவிட்டால் போதும் என்று பதினெட்டு வருடம் காத்திருந்தவனாகத்தான் தெரிந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் கோடரியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

“நான் பாக்கல எமில்,” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தான். எழுந்து, மிச்சக் கட்டைகளையும் பிளந்து அடுக்கிவிட்டுத்தான் போனான். ஜனவரியில் அவனைப் புதைத்தபோது நிலம் உறைந்திருந்தது. நெருப்பு மூட்டி மண்ணை இளக்கித் தோண்டினார்கள். அந்த வருடம் குளிர் ஏப்ரல்வரை நீண்டது. கட்டை போதுமானதாக இருந்தது.